நெய்வேலி: மெகாவாட் கணக்கு சரி, தண்ணீரையும் மண்ணையும் யார் எண்ணுவது?

செம்மண்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நெய்வேலியில் கரி வெட்டி மின்சாரம் எடுக்கிற என்எல்சி கம்பெனியின் பசுமைத் திட்டங்களைப் பற்றி ஒரு இழை தொடங்கவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்தேன். ராத்திரி முழுக்க கன்வேயர் ஓடும் சத்தம், விடாத மழை தூரத்தில் பெய்கிற மாதிரி. சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்தான். இந்த முறை தூக்கம் வராமல் ஃபோனில் அவர்களுடைய அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தேன், அப்போது தோன்றியதை எழுதுகிறேன்.

2030-க்குள் 10 கிகாவாட், அதாவது 10,000 மெகாவாட், புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது இலக்கு. 2025 மார்ச் நிலவரப்படி சூரியசக்தியும் காற்றாலையும் சேர்த்து 1,400 மெகாவாட்டைச் சுற்றி இருந்தது. இதற்கென்றே ஒரு துணை நிறுவனமும் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம், மறுக்கவில்லை. 2021 பிப்ரவரியில் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் பரவியிருக்கும் 709 மெகாவாட் சோலார் திட்டத்தைத் திறந்தார்கள். அதே மேடையில்தான் 1,000 மெகாவாட் புதிய நெய்வேலி அனல்மின் நிலையமும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஒரே நாள், ஒரே மேடை, இரண்டு திசை.

என் கேள்வி இதுதான். ஒரு கரி கம்பெனி "நான் மாறுகிறேன்" என்று சொன்னால் அதை எதை வைத்து அளப்பது? எத்தனை மெகாவாட் சோலார் பலகை வைத்தார்கள் என்பதை வைத்தா, இல்லை தோண்டிய இடத்தையும் இறைத்த தண்ணீரையும் வைத்தா? என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பலகை ராமநாதபுரத்தில் இருக்கிறது, பள்ளம் நெய்வேலியில் இருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். திட்டுவதற்கு மட்டும் வருகிறவர்கள் வேறு இழைக்குப் போகலாம், இங்கே உண்மையாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மீட்டர்_மாணிக்கம் எழுதியது:

நல்ல இழை. முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக வைத்துவிடுவோம், இல்லாவிட்டால் பேச்சு முழுக்க மெகாவாட்டிலேயே போய்விடும்.

மெகாவாட் என்பது திறன், யூனிட் என்பது உண்மையில் வந்த மின்சாரம். சூரியன் ராத்திரி இல்லை, மேகம் போட்டால் குறையும். நம் ஊரில் ஒரு சோலார் நிலையம் வருடம் முழுக்க சராசரியாக அதன் திறனில் 20 சதவீதம், ரொம்ப நன்றாக இருந்தால் 25 சதவீதம் தரும். 1,380 மெகாவாட் சோலாரை 21 சதவீதத்தில் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு ஏறத்தாழ 250 கோடி யூனிட். அந்தப் புதிய அனல்மின் நிலையம் 1,000 மெகாவாட்தான், ஆனால் 75 சதவீதம் ஓடினால் 657 கோடி யூனிட். அதாவது இருக்கிற சோலார் முழுவதும் சேர்ந்தும் அந்த ஒரே நிலையத்தின் பாதியைக்கூட எட்டவில்லை.

நெய்வேலியில் இன்றைக்கு ஓடுகிற அனல்மின் திறனைக் கூட்டினால் இரண்டாவது நிலையம் 1,470, முதல் நிலைய விரிவாக்கம் 420, இரண்டாவது நிலைய விரிவாக்கம் 500, புதியது 1,000, மொத்தம் 3,390 மெகாவாட். இதில் தூத்துக்குடி நிலையம் சேரவில்லை. உத்தரப்பிரதேசம் காட்டம்பூரில் 1,980, ஒடிசா தாலபிராவில் 2,400 என்று நிலக்கரியில் புதிய திட்டங்களும் இருக்கின்றன. தாலபிரா மின்சாரத்தில் பெரிய பங்கு, 1,500 மெகாவாட், தமிழ்நாட்டுக்குத்தான் வரப்போகிறது என்பதையும் மறக்கவேண்டாம். கரி எரிவது அங்கே, விளக்கு எரிவது இங்கே.

சோலார் கூடுவது உண்மை. கரி குறைகிறதா என்பதுதான் தனியாகக் கேட்கவேண்டிய கேள்வி.

ஷிப்ட்_முப்பத்தொன்று எழுதியது:

தம்பிகளுக்கு வணக்கம். நான் 31 வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்பெனியை விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தெரிந்ததை மறைக்கவும் மாட்டேன்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக வந்ததிலிருந்து தொடங்கிய கதை இது. 1956-ல் கம்பெனி பதிவானது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1962-ல் மின்சாரம் வந்தது. அப்போது இந்த மாநிலத்தில் நீர்மின்சாரத்தை விட்டால் பெரிதாக வேறு என்ன இருந்தது? மழை பொய்த்தால் மோட்டார் ஓடாது. அந்தக் காலத்தில் நெய்வேலி இல்லாவிட்டால் நம் தொழில் இந்த அளவுக்கு வந்திருக்காது. இதையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தண்ணீர் ஏன் இறைக்கிறோம் என்று நிறையப் பேருக்குத் தெரியாது. கரி அடுக்குக்குக் கீழே மணல் அடுக்கு, அதில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மேலே 50 மீட்டர், 100 மீட்டர் மண் உட்கார்ந்திருக்கிறவரை அது அடங்கிக் கிடக்கும். அந்த மண்ணை நாம் எடுத்துவிட்டால் எடை போய்விடும், தண்ணீர் கரித்தளத்தையே பொத்துக்கொண்டு மேலே வந்துவிடும். சுரங்கம் ஏரியாகிவிடும், உள்ளே இருக்கிற ஆளும் மெஷினும் போய்விடும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறு போட்டு, இரவு பகல் இறைத்து, அழுத்தத்தை இறக்கி வைத்துக்கொண்டேதான் வெட்டமுடியும். பம்ப் நின்றால் வேலை நின்றது. நாங்கள் ஷிப்ட் ஏறியதும் முதலில் கேட்பது "பம்ப் எத்தனை ஓடுது?" என்பதைத்தான்.

ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளவேண்டும். 1,400 லிட்டர் பக்கெட் போட்ட சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நின்றால் தரை அதிர்வது உள்ளங்காலில் தெரியும். இவ்வளவையும் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், பழைய முதல் அனல்மின் நிலையத்தை 2020-ல் நிறுத்தினார்கள். 600 மெகாவாட், 1962-லிருந்து ஓடியது. அதே கரிக்கு அதிக மின்சாரம் தருகிற புதிய நிலையத்தை அதற்கு மாற்றாக வைத்தார்கள். இதுவும் சுற்றுச்சூழல் நடவடிக்கைதான், அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

செம்மண்காடு எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. இவ்வளவு தெளிவாகத் தண்ணீர் விஷயத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பழைய நிலையத்தை மூடியதற்கு மதிப்பெண் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 600 போய் 1,000 வந்தது. ஒரு யூனிட்டுக்கு எரிகிற கரி குறைந்தது, மொத்தமாக எரிகிற கரி குறைந்ததா? அதோடு இரண்டாவது நிலையத்துக்கு இன்னொரு விரிவாக்கம், 660 வீதம் இரண்டு யூனிட், லிக்னைட் என்கிற பழுப்பு நிலக்கரியில்தான் திட்டமிட்டிருக்கிறார்கள். ஒரு அனல்மின் நிலையம் கட்டினால் 25, 30 வருடம் ஓடும், அதற்கு அவ்வளவு வருடமும் கரி வேண்டும், கரிக்கு நிலம் வேண்டும். இந்தியா நிகர சுழியத்துக்கு, அதாவது வெளிவிடுகிற கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாவதற்கு, குறித்திருப்பது 2070, கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் 2021-ல் அறிவித்தது. அதற்குள் நெய்வேலியில் கடைசி வண்டி கரி எந்த வருடம் என்று ஒரு தேதி வேண்டாமா?

2023 ஜூலையில் நெய்வேலி பக்கத்து வளையமாதேவியில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். கால்வாய் வெட்டுவதற்காக நின்ற பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. நிலம் பல வருடம் முன்பே எடுக்கப்பட்டது என்பது கம்பெனித் தரப்பு. உயர்நீதிமன்றமே அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று வேதனையோடு கேட்டது. சட்டப்படி நிலம் யாருடையது என்பது ஒரு விஷயம், பால் பிடித்த நெல்லின்மேல் சங்கிலிச் சக்கரம் ஏறுவது இன்னொரு விஷயம். நிலையான வளர்ச்சி என்று ஒரு அத்தியாயம் எழுதுகிறவர்கள் அந்த இரண்டாவதற்கும் பதில் சொல்லவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பெருமாள்ஏரி_பாசனம் எழுதியது:

நான் விவசாயி, அதிகம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சுரங்கத் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். இறைக்கிற தண்ணீர் எங்கே போகிறது? வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருகிறது. எங்களுக்கு நடவு நடப்பதே அதில்தான். மேட்டூர் திறந்தார்களா இல்லையா என்று டெல்டாவில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மண்ணும் சேர்ந்து வரும், ஏரி தூர்ந்துபோகும், தூர்வார வேண்டும், அது தனிப் பஞ்சாயத்து. ஆனால் தண்ணீர் வரும்.

இப்போது நீங்கள் சுரங்கத்துக்குக் கடைசித் தேதி கேட்கிறீர்கள். கேளுங்கள், நியாயம்தான். அந்தத் தேதிக்கு மறுநாள் பம்ப் நிற்கும். எங்கள் ஏரிக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? இரண்டு தலைமுறையாக அந்தத் தண்ணீரை நம்பி ஆயக்கட்டு நடக்கிறது. பம்ப் நின்றால் பூமிக்குள் அழுத்தம் திரும்ப ஏறும், கிணறெல்லாம் மேலே வரும் என்று ஒருத்தர் சொன்னார். எத்தனை வருடத்தில் ஏறும்? அதுவரைக்கும் என்ன செய்வது? கம்பெனியின் பசுமைத் திட்டத்தில் இதற்கு ஒரு பக்கம் இருந்தால் யாராவது எடுத்துப் போடுங்கள், நான் படிக்கிறேன்.

செம்மண்காடு எழுதியது:

அண்ணா, இந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. மூடுவது என்றால் கேட்டைப் பூட்டிவிட்டு வருவது என்கிற மாதிரிதான் என் மனதில் இருந்தது. நன்றி.

கணக்கேடு எழுதியது:

அறிக்கை படிக்கிற வேலையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

பங்குச் சந்தையில் இருக்கிற முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து, சந்தையைக் கண்காணிக்கிற செபி சொன்ன வடிவத்தில் பொறுப்பு மற்றும் நீடித்த தன்மை அறிக்கை கொடுத்தாகவேண்டும். அதில் கொள்கை 6 சுற்றுச்சூழல். எவ்வளவு எரிபொருள், எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எவ்வளவு கரியமில வாயு, எவ்வளவு கழிவு என்று அட்டவணை அட்டவணையாக வரும். முதலில் திறக்கவேண்டியது இந்தப் பக்கங்களைத்தான், முன்னால் இருக்கிற படங்களை இல்லை.

படிக்கும்போது ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். "செறிவு" என்று ஒரு வரி வரும். மொத்த வாயுவை வருடத்து வருமானத்தால் வகுத்துப் போடுவது, ஒரு ரூபாய் விற்பனைக்கு இவ்வளவு என்று. மின் கம்பெனிக்கு வருமானம் எதனால் ஏறும்? அதிக யூனிட் விற்றாலும் ஏறும், யூனிட் விலை ஏறினாலும் ஏறும், பழைய பாக்கிக்கு ஆணை வந்து தொகை சேர்ந்தாலும் ஏறும். விலை ஏறிய வருடத்தில் ஒரு டன் கரிகூடக் குறையாமலேயே செறிவு குறைந்த மாதிரி தெரியும். இது எந்த ஒரு கம்பெனியின் தப்பும் இல்லை, படிவமே அப்படிக் கேட்கிறது. நாம் பார்க்கவேண்டியது இரண்டு. ஒன்று மொத்த டன். இரண்டு, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோ. லிக்னைட்டில் பாதிக்குப் பக்கம் ஈரம், அதை உலர்த்தவே வெப்பம் போய்விடும், அதனால் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும். நல்ல நிலக்கரியும் நவீன பாய்லரும் இதைவிடக் குறைவாகத் தரும்.

சோலார் வந்தால் கம்பெனியின் சராசரி குறையும். சராசரி குறைவதை வைத்து நெய்வேலியின் காற்று சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ராஜஸ்தானிலோ குஜராத்திலோ பலகை வைத்தால் கம்பெனிக் கணக்கு அழகாகும், நெய்வேலி பக்கத்து மந்தாரக்குப்பத்துக் காற்றில் ஒரு மாற்றமும் வராது.

காற்றுக்குப்பம் எழுதியது:

காற்று என்று சொன்னதால் கேட்கிறேன், கந்தகப் புகையைக் கழுவுகிற கருவி எல்லா அனல்மின் நிலையத்திலும் வைக்கவேண்டும் என்று ஒரு விதி வந்ததே, அது என்ன ஆனது?

மீட்டர்_மாணிக்கம் எழுதியது:

2015 டிசம்பரில் வந்த விதி. இரண்டு வருடத்தில் முடிக்கவேண்டும் என்று சொன்னார்கள், 2017 ஆனது, 2022 ஆனது, மறுபடி மறுபடி தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிற நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஒரு கணக்கு, கடும் மாசு என்று குறிக்கப்பட்ட பகுதிக்கு ஒரு கணக்கு, மற்ற இடத்துக்குப் புகைபோக்கி உயரம் சரியாக இருந்தால் போதும். இது நாடு முழுக்க எல்லா அனல்மின் நிலையத்துக்கும் பொருந்துகிற விஷயம். இங்கேதான் ஒரு கம்பெனியின் மனது தெரியும் என்று நினைக்கிறேன், விதி விட்டுக்கொடுத்த பிறகும் நாங்கள் வைக்கிறோம் என்று சொல்கிறார்களா என்று பார்க்கவேண்டும். உயரமான புகைபோக்கி புகையை இல்லாமல் ஆக்காது, தூரமாகக் கொண்டுபோய்ப் போடும், அவ்வளவுதான்.

வடலூர்_பெண் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் வேலையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. என் அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. நான் படித்தது அந்தச் சம்பளத்தில். அதனால் எனக்கு இது அறிக்கையில் படிக்கிற விஷயம் இல்லை.

அந்த 709 மெகாவாட் திட்டம் 2,670 ஏக்கரில் இருக்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு நிலத்தில், கட்டி முடித்த பிறகு, எத்தனை பேர் வேலை செய்வார்கள்? காவலுக்குச் சிலர், பலகை துடைக்கச் சிலர், இன்வெர்ட்டர் பார்க்க ஒரு குழு. அதுவும் அங்கே, தென் மாவட்டத்தில். கன்வேயர் பெல்ட் ஒட்டத் தெரிந்த, வல்கனைசிங் தெரிந்த, ரோலர் மாற்றத் தெரிந்த ஐம்பது வயது ஆளை அங்கே கொண்டுபோய் என்ன செய்யச் சொல்வது? நெய்வேலியிலேயே 140 மெகாவாட் அளவுக்கு சோலார் இருக்கிறது, தெரியும். அதில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று கேட்டால் பதில் சின்னதாகத்தான் இருக்கும்.

2020-ல் மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாவது அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்து நடந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த இரண்டு மாதமும் எங்கள் தெருவில் ஷிப்ட் முடிந்து சைக்கிள் திரும்புகிற நேரத்தில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நிற்பார்கள், என் அம்மாவும் நின்றார். அதனால் கரி நிற்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிற்கட்டும். ஆனால் நிற்பதற்குப் பத்து வருடம் முன்னாலேயே யாருக்கு என்ன பயிற்சி, யாருக்கு என்ன வேலை, நிலம் கொடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன என்று பேர் போட்டு எழுதவேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் எழுதிவிட்டு ஒப்பந்தத் தொழிலாளியைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டால் அது மாற்றம் இல்லை.

ஷிப்ட்_முப்பத்தொன்று எழுதியது:

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. பெல்ட் ஒட்டுகிறவன் கையில் இருக்கிற வேலை எந்தப் புத்தகத்திலும் இல்லை, அது வீணாகக் கூடாது.

ஆனால் மண் விஷயத்தில் வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், அதைச் சொல்லத்தான் திரும்ப வந்தேன். கரி எடுத்த பள்ளத்தில் முன்னால் வெட்டுகிற மண்ணைப் பின்னால் கொட்டிக்கொண்டே வருவோம். கொட்டி முடித்த இடம் எப்படி இருக்கும் தெரியுமா? மேலே இருந்த நல்ல மண் அடியில் போயிருக்கும், அடியில் இருந்த களிமண் மேலே வந்திருக்கும். மஞ்சள், வெள்ளை, ஊதா என்று கட்டி கட்டியாக. மழை பெய்தால் செருப்பு ஒரு கிலோ கூடும், வெயில் அடித்தால் கடப்பாரை இறங்காது. ஒரு மண்புழு இருக்காது. ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடங்களில் நான் அந்தப் பக்கம் அடிக்கடி நடந்திருக்கிறேன். முதலில் சமன் செய்து, வண்டல் போட்டு, சாணம் தொழுவுரம் போட்டு, பசுந்தாள் விதைத்து மடக்கி உழுது, அதற்குப் பிறகுதான் கன்று. முதல் வருடம் வைத்த முந்திரியில் பாதி போய்விட்டது. நாலாவது வருடம் ஒரு குத்தாக இருந்த செடிகளுக்கு அடியில் சருகு சேர்ந்து, அதைக் கையால் தள்ளினால் கீழே ஒரு விரல்கடை கறுப்பு மண். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கரி அடுக்கைத் தொட்டபோதுகூட வந்ததில்லை.

அதனால் முடியும், ஆனால் ஒரு மரம் வைத்து ஃபோட்டோ எடுக்கிற வேலை இல்லை இது. பத்து வருடம் ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை லட்சம் கன்று வைத்தோம் என்று எழுதுவதற்குப் பதிலாக, ஐந்து வருடம் கழித்து எத்தனை நிற்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். அப்படித் தோண்டியெடுத்த மண்ணிலிருந்து கட்டுமான மணல் எடுக்கிற வேலையும் நடக்கிறது, ஆற்று மணலை அள்ளுவது கொஞ்சம் குறைந்தால் அதுவும் நல்லதுதான்.

கொலோன்_குமரன் எழுதியது:

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன், கொலோன் பக்கம். வீட்டிலிருந்து வண்டியில் கொஞ்ச நேரம் போனால் ஹம்பாக் சுரங்கம். அதுவும் பழுப்பு நிலக்கரி, அதே பக்கெட் சக்கரம். முதல் தடவை ஓரத்தில் நின்று பார்த்தபோது இது நெய்வேலியின் பெரியப்பா என்றுதான் தோன்றியது. மறுகரை புகைமூட்டமாகத் தெரியும், அவ்வளவு அகலம்.

இங்கே ஆர்டபிள்யூஇ என்கிற கம்பெனி. 2022-ல் அரசோடு பேசி 2030-ல் இந்தப் பகுதியில் கரியை முடிப்பது என்று தேதி குறித்தார்கள். அதற்காக எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். தேதி குறித்த பிறகும் 2023 ஜனவரியில் லுட்சராத் என்கிற குக்கிராமத்தைப் போலீஸ் வைத்து ஆள்களை இழுத்து வெளியேற்றித்தான் காலி செய்தார்கள். ஆனால் தேதி ஒன்று இருப்பதால் மற்ற பேச்சு எல்லாம் அதிலிருந்து தொடங்குகிறது. பள்ளத்தை ரைன் ஆற்றுத் தண்ணீர் விட்டு ஏரியாக்கப் போகிறார்கள், நிரம்பப் பல பத்தாண்டு ஆகும். அதற்குக் குழாய் போடும் வேலை இப்போதே நடக்கிறது.

பெருமாள் ஏரி அண்ணன் கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பதில் உண்டு. கரிக்காக நிலத்தடி நீரை இறைப்பதால் என்ன ஆகும் என்று கண்காணிக்கவே 1958-ல் தனிச் சட்டம் போட்டு எர்ஃப்ட் நீர்ச் சங்கம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். நெய்வேலியில் சுரங்க வேலை தொடங்கிய மறுவருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கம்பெனியும் உறுப்பினர், ஊராட்சிகளும் உறுப்பினர், குடிநீர் வாரியங்களும் உறுப்பினர். நீர்மட்டத்தை அளப்பது அந்தச் சங்கத்தின் வேலை. தண்ணீரை இறைக்கிறவரே தண்ணீரை அளந்து சொல்லவேண்டிய நிலைமை இல்லை. இது ஒன்றைத்தான் நம் ஊருக்கு முதலில் கொண்டுவரவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெருமாள்ஏரி_பாசனம் எழுதியது:

தம்பி, அப்படி ஒரு சங்கம் வந்தால் நான் முதல் ஆளாகச் சந்தா கட்டுகிறேன்.

செம்மண்காடு எழுதியது:

படிக்கப் படிக்க எனக்கே தெளிவாகிறது. நான் தொடங்கும்போது கோபம்தான் அதிகம் இருந்தது, இப்போது கேட்கவேண்டியது என்ன என்று தெரிகிறது.

நாட்டில் மின்தேவை ஏறிக்கொண்டிருக்கிறது, அதை ஒரு கம்பெனி தனியாக மாற்றமுடியாது, கரியை நிறுத்துவது என்பது டெல்லியில் எடுக்கிற முடிவு, கம்பெனியில் பெரும்பங்கு மத்திய அரசுடையது, இதெல்லாம் புரிகிறது. அந்த முடிவு வருகிறவரை சும்மா இருக்கவேண்டும் என்று இல்லையே. 2023 மார்ச் கடைசியில் கிழக்கு சேத்தியாத்தோப்பு, வடசேரி, மைக்கேல்பட்டி மூன்று இடத்தையும் லிக்னைட் ஏலத்துக்கு வைத்தார்கள், டெல்டா முழுக்கக் குரல் எழுந்தது, முதலமைச்சர் கடிதம் எழுதினார், சில நாளில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரியாகக் கேட்டால் நடக்கிறது.

என் மனதில் இருப்பது இவ்வளவுதான். புதிய லிக்னைட் யூனிட் கட்டுவதற்கு முன் கடைசி வெட்டு எந்த வருடம் என்று எழுத்தில் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீர்மட்டத்தை ஊர் வாரியாக, மாதா மாதம், ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதிப் போடவேண்டும், அளப்பது கம்பெனி ஆளாக இருக்கக் கூடாது. பம்ப் நின்ற பிறகு இரண்டு ஏரிகளுக்கும் தண்ணீர் எங்கிருந்து என்று இப்போதே ஒரு திட்டம் வேண்டும். வடலூர் தங்கை சொன்ன மாதிரி ஒப்பந்தத் தொழிலாளியையும் சேர்த்து வேலை மாற்றம் வேண்டும். நட்ட கன்று இல்லை, நிற்கிற மரம் கணக்கில் வரவேண்டும். இதெல்லாம் இருந்து, அதோடு 10 கிகாவாட்டும் வந்தால் நான் மனதார வாழ்த்துவேன்.

கணக்கேடு எழுதியது:

இதற்குக் கையில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது, பயன்படுத்துவோம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தைக் கொடுத்தாகவேண்டும், அது பொது ஆவணம். சுரங்கங்களுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் தனித்தனியாக வரும். நிபந்தனைகளில் நிலத்தடி நீர் கண்காணிப்பு, மண் மீட்பு, பசுமை வளையம் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நாலைந்து பேர் பிரித்துக்கொண்டு படித்தால், ஐந்து வருடத்து அறிக்கையை ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். "கடைப்பிடிக்கப்படுகிறது" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கிற இடங்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு அதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். மனுவை நான் எழுதித் தருகிறேன்.

வடலூர்_பெண் எழுதியது:

நான் இரண்டு அறிக்கை எடுத்துக்கொள்கிறேன். தமிழில் சுருக்கி எழுதுகிற வேலையும் என்னுடையது. அப்பாவையும் அவருடைய நண்பர்களையும் உட்காரவைத்துப் படித்துக்காட்டிச் சரிபார்க்கிறேன், வேலை இடத்தில் நடப்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஷிப்ட்_முப்பத்தொன்று எழுதியது:

சுரங்கத்துச் சொற்களுக்கு என்னைக் கேளுங்கள். காலையில் ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன், ஃபோன் பக்கத்திலேயே இருக்கும். கம்பெனி நல்ல பதில் கொடுத்திருக்கிற இடத்தையும் விடாமல் எழுதவேண்டும், அந்த ஒரு நிபந்தனைதான்.

பெருமாள்ஏரி_பாசனம் எழுதியது:

எனக்கு அறிக்கை படிக்க வராது. என்னிடம் வேறு ஒன்று இருக்கிறது. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் கிணற்றில் ஒரு தேங்காய்நார்க் கயிறு உண்டு, முழத்துக்கு ஒரு முடிச்சு. தை மாதம் பொங்கலுக்கு மறுநாளும், சித்திரை கடைசியிலும் கயிறு விட்டு எத்தனையாவது முடிச்சு நனைகிறது என்று பார்த்து, உள்சுவரில் கரியால் எழுதிவைப்பார். சுண்ணாம்பு அடிக்கும்போதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவோம். அவர் போன பிறகு நான் எழுதுகிறேன். மட்டம் ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது, இது யாரால் என்று நான் சொல்லவில்லை, ஊரே போர் போட்டிருக்கிறது, மழையும் ஒரு மாதிரி இல்லை. ஆனால் எண் இருக்கிறது. நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் சுவரைப் படம் பிடித்துப் போடுகிறேன், உங்கள் அறிக்கையில் இருக்கிற எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.